பதிவேட்டிலிருந்து விலக்கப்பட்டோர்: கோடக்கன் பிள்ளை வழக்கும் அது தரும் படிப்பினையும்

ஒருமுறை பெற்றுவிட்ட வாக்குரிமை மீண்டும் பறிபோகாது என்பதே பொதுவான நம்பிக்கை. ஆயினும், நமக்கு மிக அண்மையிலுள்ள இலங்கைத் தீவில், 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்களித்த பெருந்தொகையான மக்கள் 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்களிக்க இயலாதவராயினர். அவர்கள் நாட்டைவிட்டு வெளியேறவில்லை. குற்றம் எதுவும் புரியவுமில்லை. 'குடிமகன்' என்னும் சொல்லுக்குச் சட்டம் வகுத்த புதிய வரையறையே அவர்களைப் பதிவேட்டிலிருந்து அகற்றியது. அதனை எதிர்த்து அவர்களுள் ஒருவர் தொடுத்த முறையீடு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. அவ்வழக்கின் வரலாறு நம்மவரிடையே அதிகம் பேசப்படுவதில்லை.

பின்னணி

இலங்கையில் வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை என்னும் கொள்கை டொனமூர் அரசியலமைப்பின்கீழ் 1931இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் தென்னிந்தியாவிலிருந்து சென்று தேயிலை, ரப்பர் தோட்டங்களில் உழைத்து வந்த மக்களுக்கு மட்டும் அது தங்குதடையின்றிக் கிட்டவில்லை. நிலையான வாழிடம் இலங்கையே என்பதையோ, கல்வி அல்லது சொத்துத் தகுதியையோ, ஐந்தாண்டு வசிப்பின் அடிப்படையிலான நிரந்தரக் குடியிருப்புச் சான்றிதழையோ அவர்கள் காட்ட வேண்டியிருந்தது. இத்தடைகளையும் மீறிப் பலர் வாக்காளராயினர். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பில் சௌமியமூர்த்தி தொண்டமான், சி. வி. வேலுப்பிள்ளை உள்ளிட்டோர் மலையகத் தொகுதிகளில் வெற்றி பெற்றனர். வேறு பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளரின் வாக்குகள் இடதுசாரி வேட்பாளர்களுக்குத் துணை நின்றன. அடுத்து வந்த சட்டங்களின் உள்நோக்கம் யாது என்பதை இப்பின்னணியே உணர்த்தும்.

மூன்று சட்டங்கள்

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், பிறப்பினால் அன்றி வம்சாவளியினால் குடியுரிமையை நிர்ணயித்தது. இலங்கையில் பிறந்த ஒருவர், தம் தந்தையும் அங்கே பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தவர் என்றோ மெய்ப்பிக்க வேண்டும். பிறப்புப் பதிவுகள் சீராகப் பேணப்படாத தோட்டப் புறங்களில் இதற்கு எத்துணைப் பேரால் இயன்றிருக்கும்?

1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டம் மற்றொரு வழியைத் திறந்தது போலத் தோன்றியது. 1946 ஜனவரி 1ஆம் நாளுக்கு முன்னர், மணமானவர் ஏழாண்டுகளும் மணமாகாதவர் பத்தாண்டுகளும் இடையறாது வசித்திருக்க வேண்டும். இரண்டாண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அதே ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டமோ, குடிமகன் அல்லாதார் பெயர் வாக்காளர் பதிவேட்டில் இடம்பெறலாகாது என விதித்தது. முதற்சட்டம் குடியுரிமையை மறுத்தது. மூன்றாம் சட்டம் அம்மறுப்பை வாக்குரிமைக்கும் நீட்டியது. நடுவிலிருந்த சட்டத்தின் கதவு திறக்கும்வரை காத்திருக்க வேண்டிய மக்கள், அதற்கு முன்னரே பதிவேட்டினின்று அகற்றப்பட்டனர்.

இது தோட்டத் தொழிலாளரை மட்டும் பாதித்த செய்தியன்று. காயல்பட்டினம், கீழக்கரை முதலிய கடற்கரை ஊர்களிலிருந்து சென்று கொழும்புப் புறக்கோட்டையிலும் பிற நகரங்களிலும் வணிகம் புரிந்த நம்மவர்கள், அரசுக் கணக்கில் 'இந்தியச் சோனகர்' எனப்பட்டவர்கள், இதே சட்டங்களுக்கு உட்பட்டனர். பல தலைமுறை வணிகத் தொடர்பிருந்தும், குடும்பத்தைச் சொந்த ஊரில் விட்டு ஆடவர் மட்டும் கடல் கடந்து சென்றுவருவது அவர்களுள் பலருடைய வழக்கம். மனைவி மக்களும் இலங்கையில் வசித்திருக்க வேண்டும், இடையில் ஓராண்டுக்கு மேல் வெளியே தங்கியிருத்தலாகாது என்னும் நிபந்தனைகள் இவ்வழக்கத்தோடு நேராக முரண்பட்டன.

இச்சட்டங்களைக் கொண்டுவந்த டி. எஸ். சேனநாயக்காவின் அமைச்சரவையில், தொழில், சமூக சேவை அமைச்சராக ஜனாப் டி. பி. ஜாயா அவர்கள் வீற்றிருந்தார். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்த ஜி. ஜி. பொன்னம்பலம், பின்னர் அமைச்சராகி, வதிவாளர் சட்டத்தை ஆதரித்தார். அதனை ஏற்காது பிரிந்த எஸ். ஜே. வி. செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்தார். பறிக்கப்படுவது அயலானின் உரிமை எனக் கருதும் சிறுபான்மைத் தலைமைகள் அடங்கிப் போவதற்கு இது வருந்தத்தக்க எடுத்துக்காட்டாகும்.

முறையீட்டின் பாதை

கேகாலை மாவட்டத்து ருவன்வெல்ல தொகுதி, இடதுசாரித் தலைவர் என். எம். பெரேரா வெற்றி பெற்ற தொகுதி. அங்கே கோடக்கன் பிள்ளை என்னும் இந்தியத் தமிழர் தம் பெயரைப் பதிவேட்டில் சேர்க்குமாறு கோரினார். அவர் இலங்கைக் குடிமகன் அல்லர் என்று பதிவு அலுவலர் மறுத்தார். அவர் மேல்முறையீடு செய்தார். அதனை விசாரித்த திருத்த அலுவலர் சிவஞானசுந்தரம், சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவை எடுத்துக்கொண்டார். ஏனைய சமூகத்தார்க்கும் சமயத்தார்க்கும் இல்லாத இடையூறு எதனையும் ஒரு சமூகத்தார் மீதோ சமயத்தார் மீதோ நாடாளுமன்றம் சட்டத்தால் சுமத்தலாகாது என்பது அப்பிரிவு தரும் காப்பு. அதற்கு மாறாக இருப்பதால் இச்சட்டங்கள் செல்லாதவை என அவர் தீர்த்தார்.

இவ்வாறு முறையீட்டின் முதற்படியில் வாக்காளரே வென்றார். இம்முடிவை நீக்குமாறு உச்சநீதிமன்றத்தை நாடியவர் பதிவு அலுவலரான முதன்நாயக்கா. 1951இல் உச்சநீதிமன்றம் திருத்த அலுவலரின் முடிவைத் தள்ளிற்று. 1953இல் பிரிவி கவுன்சிலும் அதனையே உறுதிசெய்தது.

பிரிவி கவுன்சிலின் வாதம் ஊன்றி நோக்கத்தக்கது. தன் குடிமக்கள் யார் என வரையறுப்பது எந்த நாட்டுச் சட்டமன்றத்திற்கும் இயல்பான உரிமை. இச்சட்டங்கள் எந்தச் சமூகத்தையும் பெயர் சுட்டி விலக்கவில்லை. வதிவாளர் சட்டம் இந்தியத் தமிழர்க்கு வழி திறந்துள்ளது. அவர்கள் இடம்பெயரும் வழக்கமுடையவர் என்பது குடியுரிமைத் தகுதியோடு தொடர்புடைய செய்தியேயன்றி, ஒரு சமூகம் என்ற வகையில் அவர்களைப் பற்றியதன்று என்று அது கூறியது. நேராகச் செய்யக்கூடாததைச் சட்டமன்றம் மறைமுகமாகச் செய்யும் நிலையும் நேரலாம் என்பதைக் கொள்கையளவில் ஒப்புக்கொண்டும், இவ்வழக்கில் அது மெய்ப்பிக்கப்படவில்லை என முடித்தது.

இவ்வாதத்தின் உள்முரண் வெளிப்படையானது. முறையீடு செய்தவரோ ஒரு தனிமனிதர். அவர் எங்கே, எத்தனை ஆண்டு வாழ்ந்தார் என்பதே வினா. விடையாகத் தரப்பட்டதோ ஒரு மக்கள் கூட்டத்தின் வழக்கம். சமூகம் என்ற முறையில் நோக்கவில்லை என்று கூறிக்கொண்டே, சமூகம் முழுவதற்குமான இயல்பு ஒன்று அவர்மேல் ஏற்றப்பட்டது.

பின்விளைவு

திறந்திருப்பதாகப் பிரிவி கவுன்சில் நம்பிய வழி எத்துணைக் குறுகியது என்பதைக் கணக்குகள் காட்டின. 8,24,430 பேருக்காக 2,37,034 விண்ணப்பங்கள் அளிக்கப்பட்டன; குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேர் மட்டுமே. எஞ்சியோர் நாடற்றவர் ஆயினர். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மக்களை இரு நாடுகளுக்கிடையே பங்கிடும் பொருளாக்கிற்று. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு; எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாக ஏற்றன. 1977இல்தான் தொண்டமான் மீண்டும் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1988ஆம் ஆண்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் வந்த பின்னரே இச்சிக்கல் பெரும்பாலும் தீர்ந்தது. சோல்பரி பிரபு தாமே, அடிப்படை உரிமைகளை அரசியலமைப்பில் சேர்க்காமற் போனதற்காக 1963இல் ஒரு நூலின் முன்னுரையில் வருந்தினார். 29ஆம் பிரிவோ 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பில் இடம்பெறவே இல்லை.

இந்தியாவில் ஒரு தீர்ப்பு

இதனோடு ஒப்பிடத்தக்கது, 1995இல் இந்திய உச்சநீதிமன்றம் லால் பாபு உசேன் வழக்கில் வழங்கிய தீர்ப்பு. டெல்லி, மும்பை நகரங்களில், அயல்நாட்டவர் என்ற ஐயத்தின் பேரில், குடியுரிமையை மெய்ப்பிக்குமாறு பலர் கோரப்பட்டனர்; காவல்துறை அறிக்கைகளே இதற்கு ஆதாரமாயின. தலைமை நீதிபதி ஏ. எம். அஹ்மதி அவர்களை உள்ளடக்கிய அமர்வு இதனை ஏற்கவில்லை. பட்டியலில் முன்னரே பெயர் உள்ளவர், உரிய விசாரணைக்குப் பின்பே சேர்க்கப்பட்டவர் என்று கொள்ள வேண்டும். ஐயத்தின் காரணத்தை அவருக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் காட்டும் சான்றுகள் அனைத்தையும் நோக்க வேண்டும். காவல்துறை அறிக்கையை மட்டும் நம்பாது, நீதிபதியைப் போல் நடுநிலையுடன் பதிவு அலுவலர் முடிவெடுக்க வேண்டும் என்று அது விதித்தது. நீக்கப்பட்டவர் மாவட்ட நிர்வாகத்துறை நடுவரான ஆட்சியரிடமும், அதன்பின் தலைமைத் தேர்தல் அதிகாரியிடமும் முறையிட, 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 24ஆம் பிரிவு இடமளிக்கிறது.

இரு வழக்குகளும் ஒரே வினாவை எழுப்புகின்றன: பதிவேட்டில் உள்ள ஒருவரை அன்னியர் என்போர் அதனை நிறுவ வேண்டுமா, அன்றி அவரே தாம் அன்னியர் அல்லர் என நிறுவ வேண்டுமா? ருவன்வெல்லவின் வாக்காளர் மேல் சுமை ஏற்றப்பட்டது, அவர் தோற்றார். டெல்லியிலும் மும்பையிலும் அச்சுமை இறக்கப்பட்டது. நீதிமன்றம் சுமையை எவர் தோளில் வைக்கும் என்பதை முன்கூட்டி அறிய இயலாது. ஆனால் தந்தையின் பிறப்புச் சான்றும், பழைய வாக்காளர் பட்டியலின் படியும், வசிப்பிடப் பத்திரமும் இல்லத்தில் பேணப்பட்டிருப்பின் சுமை எங்கே வைக்கப்படினும் தாங்க இயலும். மலையகத் தோட்டங்களில் அத்தகைய ஏடுகள் இல்லாமையே பல இலட்சம் மக்களின் நாற்பதாண்டுத் துயரத்திற்கு வழிகோலியது.