உறைந்த சீவல்

தடிமன் ஒரு மில்லிமீட்டர்தான். சினைப்பையின் மேற்பரப்பிலிருந்து சீவியெடுத்த அந்தத் துண்டுக்குள் ஃபாலிக்கிள்கள் உறங்குகின்றன. ஒவ்வொன்றிலும் முதிராத ஒரு கருமுட்டை. முதிர்ந்த முட்டையில் நீர் அதிகம், மெல்ல உறைந்தால் பனிப்படிகம் அதைக் கிழித்துவிடலாம். இந்தப் பொடிசுகள் தாக்குப்பிடிக்கும்.

1960-இல் டெல்ஃபைன் பாரட் உறைந்த சினைப்பைத் திசுவை எலிகளுக்குப் பொருத்தி, அவை குட்டி ஈனுவதைக் காட்டினார். அதோடு பேச்சு அடங்கிப்போனது. எலியின் சினைப்பை மிருதுவானது. பெண்ணுடையது நாரோடிக் கெட்டிப்பட்டது. இதற்கு அது எப்படிச் சாட்சியாகும்?

ஐவிஎஃப் தந்த ராபர்ட் எட்வர்ட்ஸிடம் கேம்பிரிட்ஜில் பயின்ற ரோஜர் காஸ்டன், எடின்பரோவில் செம்மறியாட்டைத் தேர்ந்தெடுத்தார். அதன் சினைப்பையும் கெட்டிதான். சீவல்களைப் பனிக்காப்பு ரசாயனத்தில் ஊறவைத்து, மெல்ல மெல்லக் குளிரூட்டி, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் வைத்தார். பிறகு அதே ஆட்டுக்குள் திருப்பித் தைத்தார். ரத்தக்குழாய் எதையும் இணைக்கவில்லை; உடம்பே புதிதாக வளர்த்துக்கொள்ள வேண்டும். அதற்குள் ஃபாலிக்கிள்களில் பெரும்பகுதி பட்டினியில் மடிந்துவிடும். இந்த முறையின் பெரிய ஓட்டை இன்றும் இதுதான். ஆனாலும் குட்டி பிறந்தது. 1994-இல் கட்டுரை வெளிவந்தது.

அடுத்த ஊர் பிரஸ்ஸல்ஸ். 1997-இல், ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற புற்றுநோய்க்கு, கருமுட்டைகளையும் அழித்துவிடக்கூடிய கீமோ தொடங்குமுன் ஒரு பெண்ணிடமிருந்து ஜாக் டோனே குழு சீவல்களை எடுத்து வைத்தது. 2003-இல் திருப்பி வைத்தார்கள். 2004 செப்டம்பரில் மகள் பிறந்தாள். பழைய சினைப்பையே விழித்துக்கொண்டிருக்கலாமே என்று சிலர் கிளப்பிய சந்தேகம் நியாயமானதுதான். பிற நாடுகளிலும் குழந்தைகள் பிறக்கப் பிறக்க அது அடங்கியது.

லுகேமியா போன்ற புற்றுநோய்களில் ஒரு சிக்கல்: சீவலோடு நோயும் திரும்பி வரலாம். அதனால் தெரேசா வுட்ரஃப் குழு ஃபாலிக்கிளை மட்டும் பிரித்து, கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் ஜெல்லுக்குள் வளர்த்தது. தட்டையான தட்டில் அது உருண்டை வடிவம் இழந்து சிதைந்துவிடும். எலியில் இந்த வழி பலித்துவிட்டது.

2019-இல் அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம், சீவலை உறையவைப்பது இனி சோதனை முறையல்ல என்று அறிவித்தது. பூப்பெய்தாத சிறுமிக்கு வேறு வழியும் இல்லை. வீட்டில் யாருக்காவது கீமோ என்றால், முதல் ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் இதைக் கேட்டுவிடுங்கள்.