ஏரியும் எரியும்

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் சாலையில் திருப்புலிவனம் என்றோர் ஊர் உண்டு. ஊர்ப்பெயரில் புலியும் இருக்கிறது, வனமும் இருக்கிறது. கண்ணுக்குத் தெரிவனவோ நெல்வயல்கள். மறைக்கல்விக்கு வந்த சிறுவர்களிடம் ஒருமுறை, "இங்கே புலி எங்கே?" என்று வினவினோம். பெரியவர்களைக் கேட்டிருந்தால், "அதெல்லாம் அந்தக் காலம்" என்று முடித்திருப்பர். சிறுவர்களோ ஏரிக்கரைப் புதரைச் சுட்டிக் காட்டினர். இரவில் அது தண்ணீர் குடிக்க வரும் வழியையும் காட்டினர். அதற்கு ஒரு கால் சற்று ஊனம் என்பதையும் ஒருவன் சேர்த்துக் கொண்டான்.

இவ்வூர்ச் சிவன் கோயில் வியாக்கிரபுரீசுவரர் பெயரால் விளங்குகிறது. புலிக்கால் முனிவராகிய வியாக்கிரபாதர் இங்கு வழிபட்டார் என்பது ஊர் மரபு. வண்டு தீண்டாத மலரை விடியுமுன் பறிக்க வேண்டும். மரமோ பனியில் வழுக்கும். ஆகவே புலியின் கால்களை அவர் வரமாக வேண்டினார் என்பது கதை. முதிர்ந்த முனிவர் கேட்கும் வரமா இது? சிறுவன் ஒருவன் கேட்கக்கூடிய வரம் அல்லவா? எனினும் ஒன்று நோக்கத்தக்கது. மலர் தானாகவே மடியில் உதிர வேண்டும் என்று அவர் வேண்டவில்லை. மரம் ஏறுவதற்குக் கால்களையே வேண்டினார். குழந்தையுள்ளத்தின் கற்பனை உழைப்பிலிருந்து தப்பியோடும் வழி என்று எண்ணுவோர் இக்கதையைச் சற்றே சிந்திப்பாராக.

நமக்கும் ஒரு கனவு இருந்தது. குருமடத்தில் இறையியல் பயின்ற நாள்களில், பழங்கல்வெட்டுகளைத் துணையின்றி நாமே படிக்க வேண்டும் என்று விரும்பினோம். பின்னர்ப் பங்குப் பணி, கட்டடக் கணக்கு, திருவிழா ஏற்பாடு என ஆண்டுகள் கழிந்தன. ஐம்பது கடந்தபின் "இனி எதற்கு?" என்னும் சொல் நாவில் எளிதாக வந்தது. ஆராய்ந்து பார்க்கையில், தடையாக நின்றது முதுமை அன்று, நாணமே என்று தெளிந்தோம். பிறருக்குக் கற்பித்துப் பழகிய நாம் மீண்டும் எழுத்துக்கூட்டிப் படிப்பதை யாரேனும் கண்டுவிட்டால் என்ன செய்வது! ஒருவாறு துணிந்து, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் பாடம் கேட்கலானோம்.

பாடத்திற்கு வாய்த்தது அண்டை ஊராகிய உத்திரமேரூர். அங்கு வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தகச் சோழனின் கல்வெட்டுகள் உள்ளன. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த இவை குடவோலைத் தேர்தலின் விதிகளைக் கூறுவன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. இரண்டாம் கல்வெட்டின்படி, வாரியத்துக்குத் தேர்ந்தெடுக்கப்படுபவர் 35 வயதுக்கு மேற்பட்டவராகவும் 70 வயதுக்கு உட்பட்டவராகவும் இருத்தல் வேண்டும். நிலமும் மனையும் கல்வியும் வேண்டும். கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை. அது அந்தணர் சபை. ஊரார் அனைவருக்கும் அங்கு உரிமை இருந்ததென்று கூற இயலாது. எனினும் இத்தனை முதியோர் கூடிய அவையில், குடத்தினுள் கைவிட்டு ஓலை எடுப்பவன் ஒரு சிறுவன்! உள்ளே இருப்பது யாதென அறியாத பாலனே எடுக்க வேண்டும் என்பது விதி. ஐயத்துக்கு இடமின்மை கருதியே அவ்வாறு விதித்தனர் என்பது தெளிவு. அறியாமை அங்கே குறையாக எண்ணப்படவில்லை, தகுதியாகவே எண்ணப்பட்டது.

அச்சுவரின் முன் நின்று ஒருநாள் உரக்கப் படித்தோம்: "எரி வாரியம்." உடன் வந்திருந்த ஐந்தாம் வகுப்புச் சிறுவன் சிரித்துவிட்டான். "எரிக்கு எதுக்கு சாமி வாரியம்? ஏரியா இருக்கும்!" ஆசிரியரும் புன்னகைத்தார். சிறுவன் கூறியதே சரி. நாம் எழுத்தை மட்டும் நோக்கினோம். எழுத்தே அறியாத அவனோ தன் ஊர் ஏரியைக் கண்முன் கொண்டுவந்து விட்டான்.

நம் பிழைக்கும் ஒரு காரணம் உண்டு. குறில் எகரத்துக்கும் ஒகரத்துக்கும் புள்ளி இடுதல் தொல்காப்பியர் காலத்து முறை. ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும். கல்லிலும் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை. ஆகவே எரியும் ஏரியும் ஒரே வடிவில் நிற்கும். இக்குழப்பத்தை நீக்க, நெடிலுக்குத் தனி வடிவம் அமைத்தவர் வீரமாமுனிவர். நாம் இன்று 'கெ', 'கே' எனப் பிரித்தெழுதுவது அவர் செய்த சீர்திருத்தத்தின் பயன் என்பர்.

கொன்ஸ்தாந்து யோசேப்பு பெஸ்கி என்னும் இயற்பெயர் கொண்ட அவர் 1680இல் இத்தாலியில் பிறந்தவர். இயேசு சபைத் துறவியாக 1710இல் இந்தியா வந்தபோது அவருக்கு வயது ஏறத்தாழ முப்பது. மறைநூலும் இலத்தீனும் கற்றுத் தேர்ந்த அவர், தமிழில் அரிச்சுவடி தொட்டுத் தொடங்க நேர்ந்தது. பிறந்தது முதல் தமிழ் பேசியோர் பொருள் நோக்கி எளிதில் கடந்து சென்ற எரி-ஏரி மயக்கம், தடுமாறிப் பயின்ற அவரை உறுத்தியிருக்கும் என்றே நாம் கருதுகின்றோம். மாணவராக இருக்க நாணியிருந்தால் அக்குறை அவர் கண்ணில் பட்டிராது.

அவர்தம் கனவோ பெரிது. புனித சூசையப்பரைத் தலைவராகக் கொண்டு 36 படலங்களில் 3,615 பாக்களால் தேம்பாவணி என்னும் காப்பியம் பாடினார். 1732இல் சதுரகராதி தொகுத்தபோது அகவை ஐம்பத்திரண்டு. அதே அறிஞர்தாம் பரமார்த்த குருவின் கதையையும் எழுதினார். ஆறு தூங்குகிறதா எனக் கொள்ளிக்கட்டையால் தொட்டுப் பார்க்கும் சீடரையும், பூசணிக்காயைக் குதிரை முட்டை என நம்பும் பேதைமையையும் படைத்தது காப்பியம் பாடிய அதே கைதான்! குருவாகிய ஒருவரே ஒரு குருவை நகைப்புக்கு உரியவராக்கியது எளிய செயலன்று. தம்மைக் கண்டு தாமே சிரிக்கத் தெரிந்தவருக்கே அது கைகூடும்.

விண்ணரசில் மிகப் பெரியவர் யார் எனக் கேட்ட சீடர் நடுவே ஆண்டவர் ஒரு குழந்தையை நிறுத்தினார் என மத்தேயு நற்செய்தியின் பதினெட்டாம் அதிகாரம் கூறுகிறது. குழந்தையின் மாசின்மை குறித்தே நாமும் பலமுறை மறையுரை ஆற்றியுள்ளோம். இப்போது மற்றொன்றும் புலப்படுகிறது. குழந்தைக்குக் காக்க வேண்டிய பெருமை ஏதுமில்லை. ஆகவே அது கேட்கிறது, தவறுகிறது, மீண்டும் முயல்கிறது. இல்லாத புலியைக் காண்பதும், எழுத்தில் தெளிவாகாத ஏரியைக் காண்பதும் அந்த உள்ளத்துக்கே இயல்பு. கனவைக் கைவிட்டோர் பலர் முதலில் இழந்தது ஆற்றலை அன்று, பிழை செய்யும் துணிவையே.

வரும் வாரமும் உத்திரமேரூர் செல்கின்றோம். அச்சிறுவனையும் உடன் அழைத்திருக்கின்றோம். குடத்தில் கைவிட்ட பாலனைப் பற்றிய வரியை, நம் விரலால் தொட்டு, அவனுக்கு நாமே படித்துக் காட்ட வேண்டும். தவறினால் அவன் சிரிக்கட்டும்.