'சூட்டு வலி' என்று ஒதுக்கிவிடலாமா? குறைப்பிரசவத்தைத் தடுப்பதில் தாதியரின் பங்கு

ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவர் இடுப்பு வலிக்கிறது என்று சொன்னால், நம் வீடுகளில் முதலில் வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "சூட்டு வலியா இருக்கும், சீரகத் தண்ணி குடிச்சிட்டுப் படும்மா." பல நேரங்களில் அது சூட்டு வலியாகவே இருந்து அடங்கிவிடும். சில நேரங்களில் அடங்காது. விடிவதற்குள் பனிக்குடம் உடைந்து, குடும்பமே மருத்துவமனைக்கு ஓடும். குழந்தையின் நுரையீரலைக் காக்கும் ஊசியைப் போடுவதற்கான நேரம் அதற்குள் கடந்துபோயிருக்கலாம்.

இந்த இரண்டு வலிகளையும் பிரித்தறியும் பயிற்சி பெற்றவர் நமக்கு மிக அருகிலேயே இருக்கிறார். அவர்தான் சுகாதார கிளினிக்கிலும் கிராமப்புற கிளினிக்கிலும் கர்ப்பிணிகளைப் பார்க்கும் தாதி. தோட்டப்புற மக்கள் 'மிஸ்ஸி' என்று அழைக்கும் இவரே, குறைப்பிரசவ ஆபத்தைப் பெரும்பாலும் முதலில் கண்டுபிடிப்பவர்.

குறைப்பிரசவம் என்பது எது?

37 வாரங்கள் நிறைவடைவதற்கு முன் குழந்தை பிறந்தால் அது குறைப்பிரசவம். 28 வாரங்களுக்கு முன் பிறக்கும் குழந்தைகளுக்கே ஆபத்து மிக அதிகம். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணிப்புப்படி, 2020ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 13.4 மில்லியன் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தன. அதாவது, பத்துக் குழந்தைகளில் ஒன்று. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மரணத்துக்கு உலக அளவில் முதன்மைக் காரணமும் குறைப்பிரசவச் சிக்கல்களே.

"ஏழாம் மாதப் பிள்ளை தங்கும், எட்டாம் மாதப் பிள்ளை தங்காது" என்று பெரியவர்கள் சிலர் இன்றும் சொல்வதுண்டு. இதற்கு மருத்துவ அடிப்படை எதுவும் இல்லை. கருவறையில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தையின் நுரையீரலுக்கும் மூளைக்கும் பலம். எட்டாம் மாதத்தில் பிறக்கும் குழந்தைக்கு ஏழாம் மாதக் குழந்தையைவிட வாய்ப்பு அதிகமே தவிர, குறைவு அல்ல.

அதனால்தான் தாதி மாதக் கணக்கு கேட்பதில்லை, வாரக் கணக்கு கேட்கிறார். கடைசி மாதவிடாய் தொடங்கிய தேதியிலிருந்து இந்தக் கணக்கு ஓடுகிறது. தேதி சரியாக நினைவில் இல்லாதவர்களுக்கு, முதல் மூன்று மாதங்களுக்குள் எடுக்கும் ஸ்கேன் வாரத்தைத் துல்லியமாகக் காட்டும். 12 வாரங்களுக்குள் கிளினிக்கில் பதிவு செய்யுங்கள் என்று வலியுறுத்தப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். வாரம் தெரியாவிட்டால், பின்னர் வலி வரும்போது அது குறைமாத வலியா, நிறைமாத வலியா என்று முடிவு செய்வதே கடினமாகிவிடும்.

முதல் நாளில் கேட்கும் கேள்விகள்

பதிவு நாளன்று தாதி கேட்கும் கேள்விகள் சிலருக்குத் தேவையற்ற விசாரணையாகத் தோன்றும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு.

முன்பு குறைமாதத்தில் குழந்தை பிறந்ததா? மீண்டும் அப்படி நிகழக்கூடும் என்பதற்கு மிக முக்கியமான அறிகுறிகளில் இது ஒன்று. நான்கு, ஐந்து மாதங்களில் கரு கலைந்ததா? கருப்பை வாயில் அறுவை சிகிச்சை நடந்ததா? அப்படியானால் கருப்பை வாய் பலவீனமாக இருக்கக்கூடும். இவர்களை மருத்துவர் ஸ்கேன் மூலம் பரிசோதித்து, தேவைப்பட்டால் புரோஜெஸ்டரோன் மருந்தோ கருப்பை வாய்த் தையலோ பரிந்துரைப்பார். இரட்டைக் குழந்தையா? முந்தைய பிரசவத்துக்கும் இந்தக் கர்ப்பத்துக்கும் இடைவெளி எவ்வளவு? புகைபிடிக்கும் பழக்கமோ வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கமோ உண்டா? வீட்டில் அடி உதை உண்டா? இவை அனைத்தும் குறைப்பிரசவத்தோடு தொடர்புடையவை.

மாமியாரோ கணவரோ பக்கத்தில் இருக்கும்போது சில பதில்கள் வாய்க்குள்ளேயே நின்றுவிடுகின்றன. திருமணத்துக்கு முன் கரு கலைந்ததையோ, வீட்டில் நடக்கும் அடியையோ எல்லார் முன்னிலையிலும் சொல்ல முடியாது. அப்போது "உங்களிடம் தனியாகப் பேச வேண்டும்" என்று தாதியிடம் கேட்கலாம். அதற்குக் கர்ப்பிணிக்கு உரிமை உண்டு. மறைத்த ஒரு பதில், தடுத்திருக்கக்கூடிய ஓர் ஆபத்தை மறைத்துவிடும்.

ஒவ்வொரு வருகையிலும்

இரத்த அழுத்தம், சிறுநீர், எடை, வயிற்றின் அளவு என ஒவ்வொரு முறையும் அதே பரிசோதனைதான். ஆனால் தாதி பார்ப்பது அன்றைய எண்ணை மட்டுமல்ல, போன முறைக்கும் இந்த முறைக்கும் உள்ள மாற்றத்தையும்தான்.

இரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் போய், சிறுநீரில் புரதமும் தெரிந்தால் அது கர்ப்பகால இரத்த அழுத்த நோயின் அறிகுறியாக இருக்கலாம். இது முற்றினால், தாயைக் காப்பாற்றவே குழந்தையை முன்கூட்டியே எடுக்க வேண்டி வரும். இந்நோய் வரும் வாய்ப்பு அதிகம் உள்ளவர்களை ஆரம்பத்திலேயே கண்டுகொண்டால், மருத்துவர் குறைந்த அளவு ஆஸ்பிரின் கொடுத்து ஆபத்தைக் குறைக்க முடியும். ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் அது இரத்தசோகை. வயிறு வாரக் கணக்கைவிடப் பெரிதாக இருந்தால் இரட்டைக் குழந்தையாகவோ பனிக்குட நீர் அதிகமாகவோ இருக்கலாம்.

சிறுநீர்த் தொற்று பலர் கவனிக்காத ஒன்று. எரிச்சலோ காய்ச்சலோ இல்லாமலேயே தொற்று இருக்கக்கூடும். கவனிக்காமல் விட்டால் அது சிறுநீரகம் வரை பரவி, குறைமாதத்தில் வலியைத் தூண்டக்கூடும். செம்பனைக் காட்டில் கழிப்பறை இல்லாததால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் பெண்களும், தொழிற்சாலையில் இடைவேளை வரை அடக்கிக்கொண்டு நிற்கும் பெண்களும் இதைத் தாதியிடம் சொல்ல வேண்டும். பூச்சிமருந்து அடிப்பது, உர மூட்டை தூக்குவது, இரவு ஷிப்டு போன்ற வேலை விவரங்களையும் மறைக்கக் கூடாது. இலகுவான வேலைக்கு மாற்றும்படி மருத்துவரிடம் கடிதம் கேட்க இது வழிவகுக்கும்.

புத்தகத்தில் ஒட்டும் நிறம்

இளஞ்சிவப்பு அட்டை போட்ட தாய் சுகாதாரப் பதிவேட்டை நம் பெண்கள் 'பிங்க் புக்' என்றே அழைக்கிறார்கள். அதில் ஒட்டப்படும் நிறம் ஆபத்தின் அளவைக் காட்டுகிறது. வெள்ளை என்றால் தாதியின் கவனிப்பு போதும். பச்சை என்றால் கிளினிக் மருத்துவரும் பார்க்க வேண்டும். மஞ்சள் என்றால் 48 மணி நேரத்துக்குள் மருத்துவரிடமோ நிபுணரிடமோ அனுப்பப்பட வேண்டும். சிவப்பு என்றால் உடனடியாக மருத்துவமனை. இந்த நிறம் கர்ப்பகாலம் முழுவதும் மாறிக்கொண்டே இருக்கும். போன மாதம் வெள்ளை என்பதால் இந்த மாதமும் வெள்ளையாக இருக்கும் என்று எண்ணிப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது.

எந்த வலிக்கு ஓட வேண்டும்?

சூட்டு வலி ஒழுங்கில்லாமல் வரும். படுத்தாலோ, திரும்பினாலோ, தண்ணீர் குடித்தாலோ குறையும். பிரசவ வலி அப்படியல்ல. ஒழுங்கான இடைவெளியில் வரும், வர வரக் கூடும், ஓய்வெடுத்தாலும் நிற்காது. 37 வாரங்களுக்கு முன் கீழ்க்காணும் எது தென்பட்டாலும் காத்திருக்கக் கூடாது:

- 10 நிமிடத்துக்கு ஒரு முறையோ அதைவிட அடிக்கடியோ வயிறு கல் போல் இறுகுவது
- விட்டுவிட்டு வரும் அடிமுதுகு வலி, மாதவிடாய் போன்ற அடிவயிற்று வலி
- குழந்தை கீழே அழுத்துவது போன்ற உணர்வு
- நீர் கசிவது, இரத்தம் படுவது, சளி போன்ற வெள்ளைப்படுதல் திடீரென அதிகரிப்பது

கிளினிக்கில் தாதி வயிற்றின்மீது கைவைத்து, கடிகாரத்தைப் பார்த்து, 10 நிமிடத்தில் எத்தனை முறை இறுகுகிறது என்று எண்ணுவார். நீர் கசிந்திருந்தால், எத்தனை மணிக்கு, என்ன நிறம் என்று கேட்பார். நனைந்த பேடைத் தூக்கி எறியாமல் கொண்டுபோய்க் காட்டுவது நல்லது.

மலாய் சரளமாகப் பேச வராதவர்கள் சில சொற்களை நினைவில் வைத்திருக்கலாம். பனிக்குட நீர் 'ஆயேர் கெத்துபான்'. இரத்தம் கலந்த சளி வெளிப்படுவது 'துருன் தண்டா'. இரத்தம் 'டாரா'. வலி 'சாகிட்'. எத்தனை வாரம் என்பதை 'மிங்கு' என்று சேர்த்துச் சொன்னால் போதும். இரவு நேரமாக இருந்தால் கிளினிக் திறக்கும்வரை காத்திராமல் நேராக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும், அல்லது 999-ஐ அழைக்க வேண்டும்.

அந்த 48 மணி நேரம்

குறைமாத வலியை எல்லாருக்கும் நிறுத்திவிட முடியாது. ஆனால் ஓரிரு நாள் தள்ளிப்போட முடிந்தாலே பெரிய வித்தியாசம் ஏற்படும். அந்த நேரத்தில் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடப்படுகிறது. அது குழந்தையின் நுரையீரலை விரைவாக முதிரச் செய்கிறது. நியூசிலாந்தைச் சேர்ந்த லிக்கின்ஸ், ஹோவி என்ற இரு மருத்துவர்கள் இதன் பலனை 1972இல் வெளியிட்டனர். மிகவும் முன்கூட்டிப் பிறக்கும் குழந்தையின் மூளையைப் பாதுகாக்க மெக்னீசியம் சல்பேட் மருந்தும் தாய்க்குக் கொடுக்கப்படுவதுண்டு. பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு, குழந்தை வயிற்றில் இருக்கும்போதே தாயை மாற்றுவதும் இந்த நேரத்தில்தான்.

இத்தனைக்கும் தேவை நேரம். அந்த நேரத்தை மிச்சப்படுத்தித் தருவது, "வா, உடனே போகலாம்" என்று அனுப்பிவைக்கும் தாதியும், அவரிடம் தாமதிக்காமல் வந்த குடும்பமும்தான்.

தாய்வீடு போகும்போது

ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து தாய்வீடு போகும் வழக்கம் நம்மிடம் உண்டு. சரியாகக் கவனம் தேவைப்படும் வாரங்களில்தான் பெண் வேறு ஊருக்கு, வேறு கிளினிக்குக்கு மாறுகிறாள். புறப்படும் முன் பழைய கிளினிக்கில் சொல்லிவிட்டு, பிங்க் புக்கைக் கையோடு எடுத்துச் சென்று, போன வாரமே புதிய கிளினிக்கில் பதிய வேண்டும். புத்தகத்தைக் கணவர் வீட்டில் மறந்துவிட்டுப் போனால், புதிய தாதிக்கு முந்தைய கதை எதுவும் தெரியாது.

யார் மீதும் பழி வேண்டாம்

எல்லாக் கவனிப்பும் இருந்தும் குறைப்பிரசவம் நேரலாம். எந்த ஆபத்துக் காரணமும் இல்லாத பெண்களுக்கும் நேர்கிறது. "மாடிப்படி ஏறினாள், பப்பாளி தின்றாள், அதனால்தான்" என்று குற்றம் சுமத்தினால், அடுத்த கர்ப்பத்தில் அந்தப் பெண் எதையும் வெளியே சொல்லமாட்டாள்.

பிரசவத்துக்குப் பின் வீடு தேடி வரும் தாதி, குறைமாதக் குழந்தையைத் தாயின் மார்போடு தோல் படும்படி அணைத்து வைப்பது எப்படி, தாய்ப்பால் கொடுப்பது எப்படி என்று கற்றுத் தருவார். அடுத்த குழந்தைக்கு முன் குறைந்தது இரண்டு ஆண்டு இடைவெளி விடும்படியும் அறிவுறுத்துவார். அடுத்த கர்ப்பத்தின் பாதுகாப்பு அந்தப் பேச்சிலேயே தொடங்குகிறது. அடுத்த முறை பதிவுக்குச் செல்லும்போது, முந்தைய குழந்தை எத்தனையாவது வாரத்தில் பிறந்தது என்பதை அந்தத் தாய் தானாகவே சொல்லிவிட வேண்டும். தாதி கேட்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை.