நடையும் பேச்சும்: வடசென்னைக் குழந்தைகளுக்குச் சிகிச்சை வந்து சேர்ந்த வரலாறு

நம் மஹல்லாவில் ஒரு குழந்தை பிறந்தால் அதன் காதில் பாங்கு சொல்லி, ஏழாம் நாள் பெயர் சூட்டி, அகீகா கொடுத்து மகிழ்கிறோம். அக்குழந்தை பதினெட்டு மாதமாகியும் நடக்கவில்லை, இரண்டு வயதாகியும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசவில்லை என்றால் மட்டும், "இவன் அத்தாவும் நாலு வயதில்தான் வாய் திறந்தார்" என்று சொல்லி அடுத்த பெருநாள் வரை காத்திருக்கிறோம். இந்தக் காத்திருப்புக்கு அறியாமை மட்டும் காரணமன்று. வடசென்னையின் வரலாறும் அதற்கொரு காரணமாக இருந்து வந்திருக்கிறது. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுவோம். குழந்தையின் உடலும் மொழியும் விளையாட்டால் வளர்கின்றன என்பது மேல்நாட்டார் நமக்குக் கற்பித்த புதுமை அன்று. மக்கத்துக் குறைஷிகள் தம் பச்சிளம் பிள்ளைகளைப் பாலைவனக் குடும்பங்களிடம் ஒப்படைத்தது நல்ல காற்றுக்காகவும் தூய அரபு மொழிக்காகவும்தான். நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் பனூ ஸஅத் கூட்டத்து அன்னை ஹலீமா (ரலி) அவர்களிடம் அவ்வாறே வளர்ந்தார்கள். பின்னாளில் தொழுகையில் ஸஜ்தாவில் இருக்கும்போது பேரப்பிள்ளை முதுகில் ஏறிக்கொள்ள, அது இறங்கும்வரை ஸஜ்தாவை நீட்டிய செய்தியை நம்மில் அறியாதவர் இல்லை. மருத்துவப் பேரறிஞர் இப்னு ஸீனா (980-1037) தம் 'அல்கானூன்' நூலில் கைக்குழந்தைக்கு இரண்டு தேவைகளைக் கூறுகிறார். ஒன்று மென்மையாக ஆட்டுதல். மற்றொன்று தாலாட்டின் இசை. முன்னது உடலுக்கு, பின்னது உள்ளத்துக்கு. சற்று வளர்ந்த பிள்ளையின் அன்றாடத்தை வகுக்கும்போது குளியலுக்கும் உணவுக்கும் இடையே விளையாட்டுக்கென்றே நேரம் ஒதுக்குகிறார். மக்தபிலிருந்து திரும்பும் பிள்ளையை விளையாட விடாமல் ஓதலிலேயே அழுத்தினால் அதன் உள்ளம் செத்துவிடும் என்ற கருத்தை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் எழுதியிருக்கிறார்கள். நம் மக்தபுகளின் நேர அட்டவணையைத் தயாரிப்போர் அந்தப் பகுதியை ஒருமுறை வாசிப்பது நலம்.

தமிழ் மரபும் இதில் பின்தங்கியதன்று. பிள்ளைத்தமிழின் பருவங்களை எண்ணிப் பாருங்கள். ஐந்தாம் மாதம் செங்கீரை, ஏழில் தால், ஒன்பதில் கைகொட்டும் சப்பாணி, பதின்மூன்றில் தளர்நடையிட்டு வரும் வருகை. பாட்டியல் நூல்கள் வகுத்த இம்மாதக் கணக்கு, இன்றைய மருத்துவர் கையிலுள்ள வளர்ச்சி அட்டவணைக்கு வெகு தூரத்தில் இல்லை. செய்யிது அனபிய்யா புலவர் நபிகள் நாயகம் பேரில் பிள்ளைத்தமிழ் பாடியதும் இந்தப் பருவ வரிசையில்தான்.

இவ்வளவு தெரிந்த சமூகத்தில், நடக்காத பிள்ளைக்கும் பேசாத பிள்ளைக்கும் என்ன செய்தார்கள்? இங்கேதான் நம் பகுதியின் வரலாறு தொடங்குகிறது.

1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் பசித்து வந்தோருக்குக் கஞ்சி ஊற்ற ஏற்பட்டது மணியக்காரர் சத்திரம். அந்தச் சத்திரத்தை ஒட்டி வளர்ந்ததே இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை. நம் பெரியவர்கள் இன்றும் அதைக் 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி' என்றே சொல்வதன் காரணம் இதுதான். 1880ல் ராஜா சர் சவலை ராமசாமி முதலியாரின் கொடையால் ராயபுரம் பிரசவ மருத்துவமனை எழுந்தது. 1938ல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி ஆயிற்று. 1982ல் சத்துணவுத் திட்டம் வந்து, பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்கும் சூடான சோறு கிடைத்தது. 1995 முதல் போலியோ சொட்டு மருந்து முகாம்கள் நம் தெருக்களுக்கே வந்தன. 2014ல் இந்தியா போலியோ இல்லாத நாடென்று சான்று பெற்றது. காலிப்பர் மாட்டி ஜும்ஆவுக்கு வரும் நடுவயதினரைக் காண்கிற நமக்கு அதன் அருமை தெரியும்.

ஆக, கஞ்சி வந்தது, பிரசவ வார்டு வந்தது, சோறும் சொட்டு மருந்தும் வந்தன. பிள்ளை உயிர் பிழைத்தது. பிழைத்த பிள்ளை உட்காரவும் நடக்கவும் பேசவும் உதவி வேண்டுமானால் அதற்குரிய இடம் மட்டும் நெடுங்காலம் இந்தப் பக்கம் வரவில்லை.

அத்தகைய உதவி உலகில் உருவான விதம் சுவையானது. இத்தாலியப் பெண் மருத்துவர் மரியா மாண்டிசோரி முதலில் பணியாற்றியது மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளிடம். அவர்களுக்கென உருவாக்கிய விளையாட்டுக் கருவிகளையே 1907ல் ரோம் நகரின் தொழிலாளர் குடியிருப்பான ஸான் லொரென்ஸோவுக்குக் கொண்டு சென்று, வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். நம் திருவொற்றியூர் போன்றதோர் இடம் என்று வைத்துக்கொள்ளலாம். லண்டனில் போபாத் தம்பதியர், மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளின் விறைத்த உடலை அசைவுகள் மூலம் பழக்கும் இயன்முறையை 1940களில் வளர்த்தெடுத்தனர்.

மாண்டிசோரி அம்மையார் 1939ல் சென்னைக்கே வந்தார். ஆனால் வந்து தங்கியது அடையாற்றில். காது கேளாத சிறு குழந்தைகளைப் பேச வைக்கும் பால வித்யாலயா 1969ல் தொடங்கியது. அதுவும் அடையாறு பக்கம். 1981ல் தமிழ்நாடு ஸ்பாஸ்டிக்ஸ் சங்கம், அது தரமணி. பல்வகை ஊனம் கொண்ட மகனைப் பெற்ற பூனம் நடராஜன் 1985ல் தொடங்கி, பின்னர் வித்யாசாகர் எனப் பெயர் பெற்ற நிறுவனம், அது கோட்டூர்புரம். மனவளர்ச்சி குன்றிய பச்சிளம் குழந்தைகளுக்காக 1989ல் மதுரம் நாராயணன் மையம். அது தியாகராய நகர். 2005ல் மத்திய அரசு நிறுவிய பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம், அது முட்டுக்காடு. ஒவ்வொன்றும் போற்றத்தக்க பணி. யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஆனால் இந்தப் பெயர்களை வரைபடத்தில் குறித்துப் பார்த்தால் ஒன்றுகூடக் கூவத்துக்கு வடக்கே விழவில்லை.

அதே ஆண்டுகளில் வடக்கே வந்தவை எவை? துறைமுகம் விரிந்தது. எண்ணூரில் லாரித் தொழிற்சாலையும், திருவொற்றியூரில் 1955ல் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையும், பின்னர் மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும், எண்ணூரில் அனல் மின் நிலையமும் வந்தன. நம் குடும்பங்களுக்குச் சம்பளம் கொடுத்தவை இவைதாம், நன்றி மறப்பதற்கில்லை. ஆயினும் எண்ணூரிலிருந்து மூன்று வயதுப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, கன்டெய்னர் லாரிகள் மறித்து நிற்கும் சாலையில் பேருந்து மாறி மாறித் தரமணிக்கு ஒரு தாய் வாரம் மூன்று முறை செல்ல வேண்டும் என்றால், எத்தனை வாரம் செல்வாள்? பிள்ளையைக் கவனிக்காத தாய் என்று சொல்லுமுன் இந்தக் கணக்கைப் போட வேண்டும். விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் வந்ததே 2021 பிப்ரவரியில்தான்.

தூரத்தோடு இன்னொரு தடையும் இருந்தது. சிகிச்சை என்றால் ஊசி, மாத்திரை, மின்சாரக் கருவி என்றே நம்மவர் எண்ணினர். சிகிச்சை அறைக்குள் போய்ப் பார்த்தாலோ தரையில் ஒரு பாய், பெரிய ரப்பர் பந்து, நிலைக்கண்ணாடி, சில மரக்கட்டைகள். பந்தின்மேல் பிள்ளையைக் குப்புறப் படுக்க வைத்து முன்னும் பின்னும் உருட்டினால் கழுத்தும் முதுகும் வலுப்பெறும். உயரத்தில் பொம்மையை வைத்தால் அதை எடுக்க எழுந்து நிற்கும். பேச்சுப் பயிற்சியாளர் குமிழி ஊதி, பிள்ளை "இன்னும்" என்று ஏதாவது ஓர் ஒலியால் கேட்கும்வரை அடுத்த குமிழியை ஊதாமல் காத்திருப்பார். "இதற்கா பஸ் செலவு செய்து வந்தோம்? மருந்து எழுதித் தரவில்லையே" என்று வாப்பாமார்கள் கேட்பது வழக்கம். அந்த விளையாட்டுத்தான் மருந்து. அதை வீட்டில் தாய் அன்றாடம் செய்தால்தான் பலன். மேற்சொன்ன மையங்கள் பலவற்றில் தாயும் உடனிருந்து கற்றுக்கொள்வது இதற்காகவே.

வறிய பகுதிகளில் இது நடக்குமா என்ற ஐயத்துக்கு ஜமைக்கா நாடு பதில் தந்தது. 1986-87ல் கிங்ஸ்டன் நகரின் ஏழைத் தெருக்களில் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒரு பகுதியினரின் வீடுகளுக்குச் சுகாதாரப் பணியாளர்கள் வாரம் ஒரு மணி நேரம் சென்று, வீட்டில் கிடைக்கும் பொருள்களில் செய்த பொம்மைகளால் தாயும் பிள்ளையும் விளையாடக் கற்பித்தார்கள். இரண்டாண்டுகள் இவ்வளவுதான் செய்தார்கள். இருபது ஆண்டு கழித்துப் பார்த்தபோது, அந்தப் பிள்ளைகளின் வருவாய் விளையாட்டு கிடைக்காத பிள்ளைகளைவிட ஏறத்தாழ 25 சதவீதம் கூடியிருந்தது.

நம் நாட்டில் 2013ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டில் இருமுறையும் பள்ளிக்கு ஒருமுறையும் வந்து பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். குறை தெரிந்தால் தொடக்கநிலைச் சிகிச்சை மையத்துக்கு அனுப்ப வேண்டும். இதில் கவனிக்க வேண்டியது, அங்கன்வாடியில் பெயர் இல்லாத பிள்ளை இந்தக் கணக்கில் வருவதில்லை என்பதே. தமிழக அரசின் காப்பீட்டில் சிறு குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி இலவசமாகப் பொருத்தப்படுகிறது. கருவி ஒலியைத்தான் தரும். அதைச் சொல்லாக மாற்ற மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். அறுவை முடிந்ததே போதுமென்று பயிற்சியை நிறுத்தினால் கருவி வீணாகும். உலக வங்கி 2022ல் ஒப்புதல் அளித்த தமிழக அரசின் 'உரிமைகள்' திட்டம், இத்தகைய சேவைகளை வீட்டுக்கு அருகே கொண்டு வருவதை நோக்கமாகக் கொண்டது.

நம் வீடுகளில் அடிக்கடி எழும் இரு கேள்விகளுக்கும் இங்கேயே விடை சொல்லிவிடுகிறோம். வீட்டில் உர்தூ, தெருவில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம் என்பதால் பிள்ளை பேசத் தாமதிக்கிறது என்பது தவறு. பல மொழி கேட்பது பேச்சைத் தடுப்பதில்லை. செல்போனோ வேறு. இரண்டு வயது நிறையாத பிள்ளைக்குத் திரையே வேண்டாம் என 2019ல் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது. திரை பேசும், பிள்ளையின் பதிலுக்குக் காத்திருக்காது.

ரமலானில் ஜகாத் பட்டியலுக்காக வீடு வீடாகச் செல்லும் நாம், வாடகை எவ்வளவு, கடன் எவ்வளவு, குமர் எத்தனை என்று கேட்டு எழுதுகிறோம். சில வீடுகளில் ஐந்து வயதுப் பிள்ளை உள்ளறையில் படுத்திருப்பதைத் திரும்பி வரும்போதுதான் கண்டிருக்கிறோம். அவ்வீட்டார் மறைத்ததாக நாம் எண்ணவில்லை, நாம் கேட்கவில்லை. இவ்வாண்டுப் படிவத்தில் மூன்று வரிகள் சேர்க்கப்பட்டுள்ளன: ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர், நடக்கத் தொடங்கிய மாதம் எது, பேசத் தொடங்கிய மாதம் எது. அங்கன்வாடியில் பெயர் உள்ளதா என்பது அதன் கீழே சிறிய கட்டத்தில் இருக்கும்.