ரூட்டருக்குள் இருந்த லினக்ஸ்

மாணவர்களே, வீட்டில் இணையம் நின்னுபோச்சுன்னா ரூட்டரை அணைச்சு மறுபடி போடுவீங்க, அவ்வளவுதானே? அதுக்கு மேலும் செய்யலாம் என்ற நிலை எப்படி வந்தது?

2002 இறுதியில் லிங்க்சிஸ் நிறுவனம் டபிள்யூஆர்டி54ஜி என்ற ரூட்டரை வெளியிட்டது. அதற்குள் ஓடுவது லினக்ஸ் என்பதை 2003இல் நிரலாளர்கள் கண்டுபிடித்தார்கள். லினக்ஸின் ஜிபிஎல் உரிமப்படி, பொருளை விற்பவர் மூலநிரலையும் தரவேண்டும். கேள்வி எழுந்ததும், அதே ஆண்டு நிறுவனம் மூலநிரலை வெளியிட்டது. அதை அடிப்படையாக வைத்து 2004இல் ஓப்பன்டபிள்யூஆர்டி தொடங்கியது.

இப்போ பயனரே ரூட்டருக்குள் நுழைந்து, அது எழுதி வைக்கும் குறிப்புகளைப் படிக்கலாம். ஃபயர்வாலில் எந்த விதி தடுக்குதுன்னு ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

தேர்வில் ஆண்டுகளை மட்டும் எழுதாதீங்க. காரணத்தையும் சேர்த்து எழுதுங்க: மூலநிரல் கைக்கு வந்ததால்தான் பழுது பார்க்கும் வழியும் நம் கைக்கு வந்தது.