ஆஸ்பெஸ்டாஸ் நோய்த் தடுப்பும் தொழிலாளர் உரிமையும்

கல்நார் எனப்படும் ஆஸ்பெஸ்டாஸ், நெருப்பையும் அமிலத்தையும் தாங்கும் இழைக் கனிமம். இந்தியாவில் அதன் பெரும்பகுதி சிமெண்டுடன் கலந்து கூரை ஷீட்டாகிறது. பாய்லர் உறையிலும் பிரேக் லைனிங்கிலும் பயன்பட்டு வந்துள்ளது. கண்ணுக்குப் புலப்படாத அதன் இழைகள் மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலிலேயே தங்கிவிடும். நுரையீரல் தழும்பேறி மூச்சு முட்டும் ஆஸ்பெஸ்டோசிஸ், நுரையீரல் புற்று, நுரையீரலைச் சூழ்ந்த சவ்வில் தோன்றும் மீசோதீலியோமா ஆகியவை இதனால் வரும் முக்கிய நோய்கள். இந்தியாவில் புழங்கும் கிரைசோடைல் என்ற வெள்ளைக் கல்நார் உட்பட எல்லா வகையும் புற்று உண்டாக்கும் என்பது பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் முடிவு. ஆஸ்பெஸ்டோசிஸைக் குணமாக்கும் மருந்து இல்லை. மீசோதீலியோமாவுக்குக் கீமோதெரபியும் அண்மைக்கால நோயெதிர்ப்புச் சிகிச்சையும் பெரும்பாலும் ஆயுளைச் சற்று நீட்டவே உதவுகின்றன. ஆகவே இந்நோய்களுக்காகக் குரல் கொடுப்போர் தடுப்பையும் நட்டஈட்டையுமே முன்னிறுத்துகின்றனர்.

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை என நீளும் தோல் தொழில் வட்டாரத்தில் கல்நார் பெரும்பாலும் தலைக்கு மேலேதான் இருக்கிறது. பழைய தோல் ஷாப்புகளின் கொட்டகை, கிடங்கு, தொழிலாளர் வீடு எல்லாவற்றுக்கும் இந்த ஷீட் மலிவான கூரை. ஷீட் முழுதாக இருக்கும்வரை இழை சிமெண்டில் இறுகிக் கிடக்கும். அறுக்கும்போதும் உடைத்து இறக்கும்போதும்தான் அது காற்றில் கலக்கிறது. ஜே போல்ட் மாட்டத் துளை போடுபவரின் முகத்துக்கு நேரே வெள்ளைத்தூள் கிளம்பும். கட்டிங் மெஷின் வைத்து அறுத்தால் இன்னும் மோசம். ஷீட்டை நனைத்துக் கைரம்பத்தால் அறுத்தால் தூசி வெகுவாகக் குறையும். முகத்தில் கட்டும் துண்டு இந்த இழையைத் தடுக்காது. வேலைத் துணியை வீட்டில் துவைத்த பெண்களுக்கும் மீசோதீலியோமா வந்தது பல நாடுகளில் பதிவாகியுள்ளது.

இந்தியாவில் தடுப்பும் நட்டஈடும் கோரும் இயக்கத்துக்குச் சட்ட அடித்தளம் இட்டது அகமதாபாத்தைச் சேர்ந்த நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையம் தொடுத்த வழக்கு. 1995 ஜனவரி 27 அன்று வந்த தீர்ப்பை நீதிபதி கே. ராமசாமி எழுதினார். தொழிலாளியின் உடல்நலமும் மருத்துவ வசதியும் அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவில் அடங்கிய அடிப்படை உரிமை என்றது உச்ச நீதிமன்றம். நோய் உறுதியானவருக்கு ஒரு லட்சம் ரூபாய் நட்டஈடு என்ற ஆணைதான் அதிகம் பேசப்படுகிறது. அதைவிட முக்கியமானது இன்னொன்று: ஒவ்வொரு தொழிலாளியின் மருத்துவப் பதிவேட்டையும் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது ஓய்வு பெற்றபின் 15 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை காக்க வேண்டும். மீசோதீலியோமா தலைகாட்டவே 20 முதல் 40 ஆண்டுகள் ஆகலாம். அதற்குள் ஆலையே மூடப்பட்டிருக்கும்.

மறு ஆண்டே தோல் வட்டாரத்தின் பெயர் சட்ட நூல்களில் ஏறியது. பாலாற்றைக் கெடுத்த தோல் பதனிடும் ஆலைகளுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் அடங்கிய அமர்வு தீர்ப்பளித்தது. மாசு செய்பவரே செலவை ஏற்க வேண்டும், தீங்கில்லை என்று காட்டும் பொறுப்பும் தொழில் நடத்துபவருடையது என்றது அது. நிலத்தடி நீருக்குக் கிடைத்த இந்தச் சலுகை நுரையீரலுக்குக் கிடைக்கவில்லை. நட்டஈடு கேட்பவர் எங்கே, எத்தனை காலம் வேலை செய்தார் என்று இன்றும் அவரேதான் காட்ட வேண்டியிருக்கிறது.

தடை கோரும் முயற்சி முன்னும் பின்னுமாகவே நகர்ந்துள்ளது. கல்நாரை முற்றிலும் தடுக்கக் கோரிய கல்யாணேஸ்வரி வழக்கை உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரியில் தள்ளுபடி செய்தது. அதே ஆண்டு ஜூனில் ரோட்டர்டாம் உடன்படிக்கையின் அபாயப் பொருள் பட்டியலில் கிரைசோடைலைச் சேர்க்க இந்தியா சம்மதித்தது. 2013இல் மீண்டும் எதிர்த்தது. பிரிட்டன் 1999இலும், கல்நாரை வெட்டி ஏற்றுமதி செய்துவந்த கனடா 2018இலும் தடை விதித்தன. இந்தியா உலகின் மிகப் பெரிய கல்நார் இறக்குமதியாளர்களில் ஒன்றாகத் தொடர்கிறது.

நோயறிதலே அடுத்த தடை. மூச்சிரைப்பும் வறட்டு இருமலுமாக வருபவரை முதலில் காசநோயாளி என்று கருதுவது வழக்கம். பழைய வேலையைப் பற்றி மருத்துவர் கேட்டால்தான் உண்மை வெளிப்படும். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலும் ஈ.எஸ்.ஐ. சட்டத்திலும் ஆஸ்பெஸ்டோசிஸ் தொழில்நோயாக இடம்பெற்றது. ஆலைத் தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. எண்ணும் மஸ்டர் ரோலும் சாட்சி. மேஸ்திரியோடு தினக்கூலிக்குப் போய்க் கூரை மாற்றியவருக்கு இவை எதுவும் இருக்காது. தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருந்தால் அந்த அட்டை அவருடைய தொழிலைச் சொல்லும். எந்தக் கொட்டகையில் எத்தனை ஆண்டு ஷீட் அறுத்தார் என்பதைச் சொல்லாது.