ஒரு மனத்துக்குள் பல குரல்கள்

இரவு ஒன்பது மணிக்குக் குமணன்சாவடி பேருந்து நிறுத்தத்தில் இறங்கும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். பிள்ளைகள் காத்திருப்பார்கள், நேரே வீட்டுக்குப் போ என்கிறது ஒரு மனம். இன்றைக்கு மட்டும் என்று மதுக்கடையை நோக்கி இழுக்கிறது இன்னொரு மனம். மறுநாள் காலையில், 'நீயெல்லாம் ஒரு மனிதனா' என்று குத்திக்காட்டுகிறது மூன்றாவது குரல்.

இக்குரல்களை ஒரு குடும்பத்தின் உறுப்பினர்களைப் போலக் காணும் சிகிச்சை முறையை 1980-களில் உருவாக்கியவர், அமெரிக்கக் குடும்பநல சிகிச்சையாளர் ரிச்சர்ட் ஷ்வார்ட்ஸ். அளவின்றி உண்டு, பின் வாந்தியெடுக்கும் நோய்க்கு ஆளானவர்கள், தம்முள் சண்டையிடும் பகுதிகளைப் பற்றித் தாமாகவே அவரிடம் பேசினர். அவற்றை அடக்க முயன்றபோது நிலைமை மோசமானது. அவர் செவிசாய்க்கத் தொடங்கினார்.

அவர் கணிப்பில், பழைய அவமானத்தையும் அச்சத்தையும் சுமக்கும் பகுதிகள் உள்ளே ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. அவை வெளிவராமல் காக்கும் நிர்வாகிகள் ஒழுங்கையும் சுயகண்டனத்தையும் கையாளுகின்றனர். மீறி வலி எழுந்தால் தீயணைப்பாளர்கள் பாய்கின்றனர். வீடு நனைந்து பாழாவதைப் பற்றி அவர்களுக்குக் கவலையில்லை. குடி அத்தகைய தீயணைப்பாளர். இவை அனைத்துக்கும் அப்பால் நிதானமும் பரிவும் உடைய 'தான்' ஒன்று எவரிடமும் உண்டு என்பது அவருடைய கொள்கை.

ஆகவே சிகிச்சையாளர் 'குடியை விடு' என்று தொடங்குவதில்லை. 'நீ இதைச் செய்யாவிட்டால் என்ன நேரும் என்று அஞ்சுகிறாய்?' என்று அந்தப் பகுதியையே கேட்கச் சொல்கிறார். காவல் நிற்கும் பகுதிகள் இசைந்த பிறகே பழைய காயத்தை அணுகுகிறார்.

இது நமக்கு முற்றிலும் புதிதன்று. திருக்குறளில் 'நெஞ்சொடு கிளத்தல்', 'நெஞ்சொடு புலத்தல்' என இரு அதிகாரங்கள் நெஞ்சைத் தனி ஆளாகவே நிறுத்துகின்றன. சைவ சித்தாந்தம் மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என அந்தக்கரணத்தை நான்காகப் பகுக்கிறது. ஆனால், நம் அறிவுரை மரபு பெரும்பாலும் மனத்தை அடக்கச் சொல்கிறது. திட்டித் திட்டித் தீராத குடிநோயை எத்தனை வீடுகளில் பார்த்துவிட்டோம்!

எனினும், இம்முறைக்கான ஆய்வுச் சான்று இன்னும் குறைவு. 2013-இல் வெளியான, முடக்குவாத நோயாளிகள் 79 பேர் பங்கேற்ற சோதனை பயனைக் காட்டியது. ஆயினும், அது சிறியது. நாள்தோறும் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். அவருக்கு முதலில் மருத்துவர் தேவை. வெளியிலிருந்து யாரோ பேசுவதாகக் கேட்பவருக்கு மனநல மருத்துவரே வழி. கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தில் புறநோயாளிகள் பிரிவு உண்டு. எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள், 2022 முதல் இயங்கும் டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.